ஒரு நிமிடப் பாட்டும் இரண்டாண்டுச் சிறையும்: புஸ்ஸி ரயட் செய்தது கலைதானா?

“ஒழுங்காகப் பாடவோ கிதார் வாசிக்கவோ தெரியாத சில பெண்கள் முகமூடி மாட்டிக்கொண்டு மாஸ்கோ தேவாலயம் ஒன்றில் புகுந்து கூச்சலிட்டார்கள். அதைக் கலை என்று ஏன் கொண்டாடுகிறார்கள்? அந்தக் கூச்சலால் புதினுக்கு என்ன நஷ்டம் வந்துவிட்டது?” என்பது கேள்வி. கேள்வியில் எரிச்சல் இருந்தாலும் நியாயமும் இருக்கிறது. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே பதிலுக்கு வருகிறேன்.

பாட்டின் தரத்தை வைத்துப் புஸ்ஸி ரயட் என்ற அந்தப் பெண்கள் குழுவை எடைபோட்டால் எதுவும் கிடைக்காது. அவர்களுடைய திறமை முழுவதும் எங்கே நின்று பாடுவது என்று தேர்ந்தெடுப்பதில் இருந்தது. அதிகாரம் எந்த இடத்தைத் தன் கௌரவத்தின் அடையாளமாக வைத்திருக்கிறதோ, அங்கே போய், அனுமதி கேட்காமல், ஒரு நிமிடம் நிற்பது. அதன் பிறகு அதிகாரம் என்ன செய்கிறது என்பதை ஊரறியச் செய்வது. ஒவ்வொரு இடமும் எவ்வளவு யோசித்து எடுக்கப்பட்டது என்று பார்த்தால் “கூச்சல்” என்ற சொல் பொருந்தாமல் போய்விடும்.

2011 செப்டம்பர் 24 அன்று, ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சியின் மாநாட்டில், அதிபர் மெத்வெதேவும் பிரதமர் புதினும் பதவிகளை மாற்றிக்கொள்ளப்போவதாக அறிவித்தார்கள். அதிபரின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகளிலிருந்து ஆறாக ஏற்கெனவே நீட்டப்பட்டிருந்தது. இருவரும் இதை முன்பே பேசி முடித்துவிட்டார்கள் என்பதும் அன்றே வெளிப்பட்டது. அப்படியானால் தேர்தல் எதற்கு என்ற கோபம் படித்த, இளைய மாஸ்கோவாசிகளிடம் பொங்கியது. டிசம்பர் 4 நாடாளுமன்றத் தேர்தலில் முறைகேடு நடந்ததாகப் புகார்கள் குவிந்ததும் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். அந்த இலையுதிர்காலத்தில் உருவானதுதான் புஸ்ஸி ரயட். நாதேஷ்தா தொலகோன்னிகோவா மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். யெகத்தெரீனா சமுத்செவிச் கணினி நிரல் எழுதியவர். மரியா அல்யோகினா இதழியல் மாணவி, காடுகளைக் காக்கும் போராட்டங்களில் நின்றவர். இவர்களில் தொலகோன்னிகோவாவும் சமுத்செவிச்சும் 2007இல் தொடங்கிய ‘வோய்னா’ என்ற கலைக்குழுவில் இருந்தவர்கள். தெருவையே மேடையாக்கும் துணிச்சல் அங்கே பழகியது.

தொடக்க நிகழ்ச்சிகளில் மெட்ரோ ரயில் நிலையங்களில் சாரங்களின் மேல் ஏறிப் பாடினார்கள், டிராலிபஸ்ஸின் கூரையில் பாடினார்கள், பணக்காரர்கள் துணி வாங்கும் கடைகளில் பாடினார்கள். டிசம்பர் 14 அன்று, தேர்தல் போராட்டங்களில் கைதானவர்களை வைத்திருந்த காவல் விடுதிக்குப் பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் ஏறினார்கள். உள்ளே இருந்தவர்களில் புதினின் அரசியல் எதிராளி அலெக்சேய் நவால்னியும் ஒருவர். அன்றைக்குக் கேட்போர் வரிசையில் இருந்தவர்கள் கைதிகள்.

2012 ஜனவரி 20 நிகழ்ச்சி எனக்கு இன்னும் முக்கியமானதாகப் படுகிறது. செஞ்சதுக்கத்தில் ‘லோப்னயே மேஸ்தா’ என்ற வட்டக் கல்மேடை இருக்கிறது. ஜார் மன்னர்களின் ஆணைகள் வாசிக்கப்பட்ட இடம் அது. 1968 ஆகஸ்ட் 25 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்குகள் நுழைந்ததைக் கண்டித்து எட்டுப் பேர் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். கவிஞர் நத்தாலியா கொர்பனேவ்ஸ்கயா கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சில நிமிடங்களில் எல்லோரையும் இழுத்துப்போனார்கள். சிலர் சிறைக்கும் நாட்டுக்குள்ளேயே தொலைதூர ஊர்களுக்கும் அனுப்பப்பட்டார்கள், கொர்பனேவ்ஸ்கயா பின்னாளில் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து அதே மேடையில் வண்ண முகமூடி அணிந்த எட்டுப் பெண்கள், உறைபனியில், புகைக்குண்டு கொளுத்திப் புதின் பயந்துவிட்டார் என்று பாடினார்கள். ரஷ்ய வரலாறு தெரிந்த ஒருவருக்கு அந்த மேடையும் அந்த எண்ணிக்கையும் எதை நினைவூட்டும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று காவல்துறை அவர்களைப் பிடித்துக் கேள்வி கேட்டு, சிலருக்கு அபராதம் போட்டு விட்டுவிட்டது.

இசை பற்றிய குறைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தேர்ந்த கலைஞராக இல்லாவிட்டாலும் மேடை ஏறலாம் என்பது பங்க் என்ற கரடுமுரடான ராக் இசையின் அடிப்படை உரிமைக்குரல். 1970களின் லண்டனில் எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாலி ஸ்டைரீனும் ‘த ஸ்லிட்ஸ்’ பெண்களும் அதைப் பெண்களுக்கும் உரியதாக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் ‘ரயட் கேர்ள்’ இயக்கம் எழுந்தது. பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹான்னா, ஆண்கள் இடித்துத் தள்ளும் கூட்டத்தில் பெண்களை மேடைக்கு முன்னால் வரச்சொல்லி அழைத்தார். பாலியல் வன்முறை, உடல், கோபம் ஆகியவற்றைக் கையால் எழுதி நகலெடுத்த சிற்றிதழ்களில் பேசினார்கள். புஸ்ஸி ரயட் இந்த மரபைத் தன்னுடையது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஒலிம்பியாவில் பாடினால் போலீஸ் வீட்டுக்கு வராது. மாஸ்கோவில் வரும். அதனால்தான் முகமூடி, அதனால்தான் இன்னார் என்று சொல்லாத புனைபெயர்கள், அதனால்தான் ஒரு நிமிடத்தில் முடியும் பாட்டு. கம்பளி முகமூடி கறுப்பாக இருந்தால் கொள்ளைக்காரர் மாதிரி தெரியும் என்று மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று அணிந்தார்கள். யார் வேண்டுமானாலும் அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு புஸ்ஸி ரயட் ஆகலாம் என்பதும் அதற்குள் இருந்தது.

இனி தேவாலயம்.

மாஸ்கோவின் மீட்பரான கிறிஸ்துவின் பேராலயம் நெப்போலியனை வென்றதன் நினைவாக எழுப்பப்பட்டு 1883இல் திறக்கப்பட்டது. 1931இல் ஸ்டாலின் அதை வெடிவைத்துத் தகர்த்தார். அங்கே வரவிருந்த சோவியத் மாளிகை கட்டி முடிக்கப்படவே இல்லை. பின்னர் அந்தக் குழி திறந்தவெளி நீச்சல்குளமானது. சோவியத் ஒன்றியம் கலைந்த பின் 1990களில் பழைய வடிவிலேயே மறுபடி கட்டி 2000இல் அர்ச்சித்தார்கள். ஆக, இன்று அங்கே நிற்பது ஒரு கிராமத்துப் பிரார்த்தனைக்கூடம் அல்ல. அரசும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் கைகோத்ததன் மிகப் பெரிய நினைவுச்சின்னம். பெருவிழாக்களில் நாட்டின் தலைவர்கள் மெழுகுவர்த்தியுடன் நிற்பதைத் தொலைக்காட்சியில் காட்டுவதும் அங்கிருந்துதான். 2012 பிப்ரவரி 8 அன்று, தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, திருச்சபையின் தலைவர் கிரில் புதினுக்கு முன்பாகவே அவருடைய ஆட்சிக்காலத்தை இறைவனின் அற்புதம் என்ற பொருளில் புகழ்ந்தார். சரியாக 13 நாள் கழித்து, பிப்ரவரி 21 காலை, ஐந்து பெண்கள் அந்தப் பேராலயத்தின் பலிபீடத்துக்கு முன்னுள்ள படிமேடையில் ஏறினார்கள். சாதாரணமாக அங்கே பெண்கள் ஏறக்கூடாது.

காவலர்கள் அவர்களை வெளியேற்றுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆனது. சமுத்செவிச் கிதாரை உறையிலிருந்து எடுப்பதற்குள்ளேயே அவரைப் பிடித்துவிட்டார்கள். அன்றே இணையத்தில் வெளியான காணொளியில் இரண்டு நாள் முன்பு வேறொரு தேவாலயத்தில் எடுத்த காட்சிகளும் சேர்ந்திருந்தன. முழுப் பாட்டும் தனியே பதிவுசெய்யப்பட்டது. அந்தப் பாட்டை ஒருமுறை கவனமாகக் கேளுங்கள். பல்லவியின் மெட்டு, ரஹ்மானினோவ் இசையமைத்த தேவமாதா துதியிலிருந்து வருகிறது. மெதுவாக, வழிபாட்டுக்குரிய ராகத்தில், புதினை விரட்டிவிடும்படி மாதாவிடம் வேண்டுகிறார்கள். இடையிடையே கிதார் இரைச்சலில் பெண்களின் நிலையையும், திருச்சபைத் தலைவர் புதினை நம்புவதை விட்டுக் கடவுளை நம்பலாமே என்பதையும் சொல்கிறார்கள். மாதாவையும் பெண்ணியவாதியாக மாறும்படி அழைக்கிறார்கள். கடவுளை இகழும் பாட்டு என்று கேள்விப்பட்டிருப்பவர்களுக்கு, அதன் கோபம் முழுவதும் கடவுளின் பெயரால் ஓட்டுக் கேட்டவர்கள்மீது இருப்பது வியப்பாக இருக்கும்.

மார்ச் 3 அன்று தொலகோன்னிகோவாவும் அல்யோகினாவும் கைதானார்கள். மறுநாள் தேர்தல், புதின் வென்றார். மார்ச் 16 அன்று சமுத்செவிச்சையும் பிடித்தார்கள். மற்ற இருவரை அப்போது பிடிக்க முடியவில்லை. முதல் இரு பெண்களுக்கும் பள்ளி வயதுகூட எட்டாத குழந்தைகள் இருந்தார்கள். சட்டப்படி இது ஒழுங்குமீறலுக்கான அபராதத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு. அரசுத்தரப்பு மதவெறுப்பினால் செய்த ரவுடித்தனம் என்ற குற்றப்பிரிவைக் கையில் எடுத்தது. அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

ஜூலை 30 அன்று ஹமோவ்னிகி மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய விசாரணையை நான் இந்த முழுக் கதையின் மையம் என்று நினைக்கிறேன். மூன்று பெண்களும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்த்தப்பட்டார்கள். மெழுகுவர்த்தி விற்கும் பெண்ணும் பேராலயக் காவலர்களும் பாதிக்கப்பட்டவர்களாக வந்து தங்கள் மனவேதனையைச் சொன்னார்கள். மதச்சார்பற்ற நாட்டின் குற்றவியல் வழக்கில், ஏழாம் நூற்றாண்டின் திருச்சபைச் சங்கமொன்றின் விதிகள் மேற்கோள் காட்டப்பட்டன. தீர்ப்பிலோ பெண்ணியம் பற்றியே ஒரு பகுதி இருந்தது. ரஷ்யாவில் பெண்ணியவாதியாக இருப்பது குற்றமில்லை என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனால் ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, இஸ்லாமியக் கோட்பாடுகளோடு அது ஒத்துப்போகாது என்று சொல்லி, அதை மதவெறுப்புக்கான சான்றுகளோடு சேர்த்துக்கொண்டார். உளவியல் அறிக்கையோ பிடிவாதமாகத் தன் கருத்தைக் காப்பதையும் பொதுவாழ்வில் ஊக்கமாக இருப்பதையும் ஆளுமைக் கோளாற்றின் அறிகுறிகளாகப் பட்டியலிட்டது. ஒரு நிமிடப் பாட்டில் சொல்லிமுடிக்க முடியாததை, அரசும் திருச்சபையும் பெண்ணை எந்த இடத்தில் வைத்திருக்கின்றன என்பதை, அரசே தன் முத்திரையிட்ட தாளில் எழுதிக் கொடுத்தது. நிகழ்ச்சியை நிறைவு செய்தவர் நீதிபதி மரீனா சீரொவா என்றுதான் சொல்வேன்.

அந்த நீதிமன்றத்தில் மூவரும் பேசிய இறுதி உரைகள்தாம் அவர்களுடைய மிகச் சிறந்த படைப்பு. தொலகோன்னிகோவா தங்களை ஸ்டாலின் காலத்தில் அழிக்கப்பட்ட ஒபெரியு கவிஞர்களின், குறிப்பாக வ்வெதென்ஸ்கியின், வாரிசுகள் என்று சொன்னார். மன்னனிடமும் கசப்பான உண்மையைச் சொல்லும் கடவுளின் கிறுக்கர்கள் என்ற பழைய ரஷ்ய மரபோடும் தங்களைச் சேர்த்துக்கொண்டார். அல்யோகினா, 1964இல் கவிஞர் பிராட்ஸ்கியை விசாரித்த நீதிமன்றத்தை நினைவூட்டினார். அங்கே அவருடைய கவிதைகளைக் கவிதை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. சமுத்செவிச், ஒரு தேவாலயத்தின் அழகியலை அரசு எப்படித் தன் விளம்பரமாக மாற்றியது என்று நிதானமாக, ஒரு கலைவிமர்சகரின் துல்லியத்தோடு விளக்கினார். 22, 24, 29 வயதுப் பெண்கள், பல ஆண்டு சிறை கண்ணெதிரே நிற்கும்போது, இரக்கம் கேட்காமல் இப்படிப் பேசினார்கள். ஆகஸ்ட் 17 அன்று மூவருக்கும் இரண்டு ஆண்டு சிறை. அக்டோபர் மேல்முறையீட்டில், பாட்டு தொடங்குமுன்பே பிடிபட்டவர் என்பதால் சமுத்செவிச்சின் தண்டனை மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

நம்பிக்கையுள்ளவர்களின் மனம் புண்பட்டதே, அதற்கு என்ன பதில்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பிரார்த்தனை செய்ய வந்த ஒரு முதியவளுக்குப் புதினும் கிரிலும் முக்கியமில்லை. அவளுடைய புனித இடத்தில் யாரோ குதித்தார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரியும். அந்த வேதனை உண்மையானது. நாங்கள் யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை, அது எங்கள் நெறிப் பிழை என்று அந்தப் பெண்களே நீதிமன்றத்தில் வருத்தம் சொன்னார்கள். ரஷ்யப் பொதுமக்களில் மிகப் பெரும்பாலோர் அவர்கள் பக்கம் இருக்கவில்லை என்பதும் மறுக்க முடியாதது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2018 ஜூலை 17 அன்று கொடுத்த தீர்ப்பு இதில் சரியான கோட்டைப் போட்டது என்பது என் கருத்து. வழிபாட்டிடத்தின் ஒழுங்கை மீறியதற்கு ஏதோவொரு நடவடிக்கை எடுத்திருக்கலாம்; சிறைத்தண்டனை அளவு கடந்தது என்றது. பாட்டின் வரிகளில் வெறுப்போ வன்முறைத் தூண்டுதலோ இல்லை என்றது. கண்ணாடிக் கூண்டில் வைத்து நடத்திய விதத்தையும் கண்டித்தது. மனம் புண்பட்டவருக்கு ஆறுதல் வேண்டும். புண்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டு முள்வேலி வேண்டும் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கு அரசினுடையது.

சிறையில் நடந்ததைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பாட்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது. தொலகோன்னிகோவாவை மொர்தோவியாவின் 14ஆம் எண் பெண்கள் முகாமுக்கு அனுப்பினார்கள். 2013 செப்டம்பரில் அங்கிருந்து ஒரு திறந்த கடிதம் எழுதி உண்ணாவிரதம் தொடங்கினார். காலை ஏழரை மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை வரை, நாளுக்கு 16, 17 மணிநேரம் போலீஸ் சீருடை தைக்கும் பெண்கள்; நான்கு மணிநேரத் தூக்கம்; ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஓய்வு நாள்; இலக்கை எட்டாத ஒருத்திக்காக முழுப் பிரிவையும் தண்டிப்பது; அடி, குளிரில் நிறுத்துவது, கழுவிக்கொள்ளத் தண்ணீர் மறுப்பது. கடிதத்தில் தன்னைப் பற்றி மிகக் குறைவாகவும் பெயர் தெரியாத மற்றப் பெண்களைப் பற்றி மிக நிறையவும் எழுதினார். உலகம் தன்மீது திருப்பிய விளக்கை அவர் அப்படியே அந்தத் தையல் கூடத்தின்மீது திருப்பினார். அதன் பிறகு வேறு சிறைக்கு மாற்றுவதாகச் சொல்லி எடுத்துச்சென்று, சில வாரங்கள் அவர் எங்கே இருக்கிறார் என்றே குடும்பத்துக்குச் சொல்லவில்லை. யூரல் மலைப் பக்கத்தில் பேர்ம் பகுதி முகாமில் இருந்த அல்யோகினா வேறு வழியில் போனார். சட்டப் புத்தகத்தைப் படித்து, சிறை நிர்வாகத்தின்மீதே வழக்குப் போட்டார். தனக்கு விதித்த ஒழுங்கு நடவடிக்கைகளில் சிலவற்றை நீதிமன்றத்தில் ரத்தும் செய்யவைத்தார்.

2013 டிசம்பர் 23 அன்று பொதுமன்னிப்பில் இருவரும் வெளியே வந்தார்கள். தண்டனையில் இரண்டு மாதம்போலத்தான் பாக்கி இருந்தது. சோச்சி ஒலிம்பிக்ஸுக்கு முன் போடும் முகப்பூச்சு இது என்று இருவருமே சொன்னார்கள். பிப்ரவரியில் சோச்சிக்கே போய்ப் பாட முயன்றபோது கோசாக் காவற்படையினர் அவர்களைக் குதிரைச் சாட்டையால் அடித்தார்கள். அந்த அடியையும் காட்சிகளாக்கிப் பாட்டோடு வெளியிட்டார்கள்.

உட்பூசல் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அதே மாதம் இருவரும் அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்புக்காக நியூயார்க்கில் ஒரு பெரிய இசைநிகழ்ச்சி மேடையில் தோன்றினார்கள். முகம் காட்டாத மற்ற உறுப்பினர்கள் ஒரு கடிதம் வெளியிட்டார்கள்: டிக்கெட் விற்கும் மேடையில் நாங்கள் பாடுவதில்லை, எதிர்பாராத பொது இடங்களில் அனுமதியற்ற நிகழ்ச்சிகள் மட்டுமே எங்களுடையவை, ஆகவே அந்த இருவரும் இனி புஸ்ஸி ரயட் அல்ல என்பது சாரம். அவர்கள் சொன்னதில் கொள்கை சுத்தமாக இருந்தது. ஆனால் நீதிமன்றம் முகமூடியைக் கழற்றிய பிறகு அந்த இருவரும் எப்படி மறுபடி முகமற்றவர்களாக முடியும்? புகழ் அவர்கள் தேடிப்போனது அல்ல. தீர்ப்பின் கூடவே வந்தது. அதை என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

2014இல் ‘மீடியாசோனா’ என்ற செய்தித்தளத்தைத் தொடங்கினார்கள். காவல் நிலையம், நீதிமன்றம், சிறை ஆகியவற்றில் நடப்பதை நாள்தோறும் எழுதுவது அதன் வேலை. நீதிமன்ற அறையில் உட்கார்ந்து வரிக்கு வரி எழுதும் செய்தியாளர்களை அது உருவாக்கியது. உக்ரைன் போர் தொடங்கியபின், பிபிசி ரஷ்யச் சேவையோடு சேர்ந்து, அரசு மறைக்கும் ரஷ்யப் படைவீரர்களின் சாவுகளை இரங்கல் செய்திகளிலிருந்தும் கல்லறைகளிலிருந்தும் பெயர் பெயராகத் திரட்டியது. அந்தப் பெயர்ப்பட்டியல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

மைதானத்தில் ஓடியதையும் பலர் பார்த்திருப்பீர்கள்: 2018 ஜூலை 15, மாஸ்கோவின் லூஷ்னிகி அரங்கில் பிரான்ஸும் குரோஷியாவும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டம், புதின் பார்வையாளர் மாடத்தில். போலீஸ் சீருடையில் நால்வர் மைதானத்துக்குள் ஓடினார்கள். அரசியல் கைதிகளை விடுவியுங்கள், பொய் வழக்குப் போடாதீர்கள் என்பது கோரிக்கை. பதினைந்து நாள் காவலோடு அது முடிந்தது. போலீஸ்காரனைப் பாத்திரமாக்கிக் கவிதைகள் எழுதிய கவிஞர் பிரிகோவின் நினைவுநாளையொட்டி அதைச் செய்தார்கள் என்பது வெளியே பலருக்கும் தெரியாது.

இப்போது இரண்டாவது கேள்வி. புதினுக்கு என்ன நஷ்டம்? பதவியில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. சட்டங்கள் இன்னும் இறுகின. 2012 கோடையில் போராட்ட அபராதங்கள் பன்மடங்கு உயர்ந்தன, வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள்மீது முத்திரை குத்தும் ‘வெளிநாட்டு முகவர்’ சட்டம் வந்தது, 2013இல் மத உணர்வைப் புண்படுத்துவது தனிக் குற்றமானது. கடைசிச் சட்டத்துக்கு இந்த வழக்கே காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அவர்கள் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கதவை மூடவைத்துவிட்டார்கள் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிரப்பப்பட்ட தண்ணீர்த் தொட்டியில் விரல் வைத்தவரைப் பார்த்து, தொட்டி வழிந்ததற்கு நீதான் காரணம் என்பது போன்ற வாதம் அது. 2012இல் அந்த அரசு எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை 2022இன் உக்ரைன் போர் காட்டிவிட்டது. தொலைக்காட்சியில் குளறுபடியான ஜனநாயகம் என்று மற்றவர்கள் வர்ணித்துக்கொண்டிருந்த காலத்தில், இதன் உள்ளே என்ன இருக்கிறது பாருங்கள் என்று பத்தாண்டு முந்தியே சொன்னவர்கள் இவர்கள்.

விலை இன்னும் முடியவில்லை. அல்யோகினா வீட்டுக்காவலிலிருந்து 2022 வசந்தத்தில், உணவு கொண்டுவருபவரின் சீருடையில் தப்பி, பெலாரஸ் வழியாக லித்துவேனியாவை அடைந்தார். பிறகு ஐரோப்பாவெங்கும் மேடையேறி, கீவ் நகரத்தின் குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டினார். தொலகோன்னிகோவா ‘வெளிநாட்டு முகவர்’ பட்டியலில் சேர்க்கப்பட்டு, பிறகு தேடப்படுபவரானார். 2025 செப்டம்பரில் மாஸ்கோ நீதிமன்றம் ஒன்று, போரை எதிர்த்துப் பாடியதற்காக, நாட்டில் இல்லாத ஐந்து உறுப்பினர்களுக்கு 8 முதல் 13 ஆண்டு வரை சிறை விதித்தது. அதிகபட்சம் அல்யோகினாவுக்கு. 2012இல் இரண்டு ஆண்டு என்பதே உலகத்துக்கு அதிர்ச்சியாக இருந்தது. 13 ஆண்டு என்ற செய்தி பல நாளிதழ்களில் உள்பக்கத்தில் போனது. அந்த அலட்சியம்தான் எனக்குக் கவலை தருகிறது.

இவர்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வர விரும்பினால் முதலில் காணொளியைப் பார்க்காதீர்கள். மூவரின் நீதிமன்ற இறுதி உரைகளைப் படியுங்கள், அடுத்து மொர்தோவியக் கடிதத்தைப் படியுங்கள். பாட்டைக் கடைசியில் கேட்டால் போதும்.